96 பக்கத்துல ஒரு கொலை: பாக்கெட் நாவல் எப்படி ஓடுச்சு, காசு யாருக்குப் போச்சு?

(எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் ஒரு மெயில்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.

சோளிங்கர்லேர்ந்து ஒரு நேயர் எழுதியிருக்காங்க. ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்குறாங்க. காலையில கம்பெனி பஸ்ல போகும்போது பாதி, சாயங்காலம் திரும்பும்போது பாதின்னு போன்லயே ஒரு க்ரைம் தொடர் எழுதுறாங்க. ஒரு கதை ஆப்ல இதுவரைக்கும் நாற்பது அத்தியாயம் போட்டாச்சு. இப்ப ஒரு ஆடியோ நிறுவனம் அவங்களுக்கு மூணு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கு. மொத்தமா ஒரு தொகை தர்றோம், கதையை எங்களுக்கு எழுதிக் கொடுத்துடுங்கன்னு. அவங்க கேள்வி ரெண்டு. கையெழுத்துப் போடலாமா? இந்த மாதிரிக் கதை எழுதினா நம்மள எழுத்தாளர்னு ஒத்துக்குவாங்களா?

ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். ஒத்துக்க மாட்டாங்க. விடுங்க. நாற்பது அத்தியாயம் ஆள் தொடர்ந்து படிக்குறாங்கன்னா அதுக்கு மேல யார் ஒத்துக்கணும்? முதல் கேள்விதான் பெரிய கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும். எனக்கும் அதே ஊர்ங்கிறதால கொஞ்சம் ஊர்ப் பாசமும் கலந்து வரும், பொறுத்துக்கோங்க.

சோளிங்கர்னு பேர் போட்ட ரயில்வே ஸ்டேஷன் சோளிங்கர்ல இல்லை, பாணாவரத்துல இருக்கு. வெளியூர்க்காரங்க இறங்கி முழிச்சுட்டு, அப்புறம் ஊருக்கு பஸ் பிடிப்பாங்க. அந்த மாதிரி பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காத்திருக்குற நேரம் இருக்கே, அந்த நேரத்தை நம்பி தமிழ்ல ஒரு தொழிலே நடந்துச்சு. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில, வாழைப்பழத் தாருக்கும் ஷாம்பு சரத்துக்கும் நடுவுல, கயிறு கட்டி க்ளிப் போட்டுத் தொங்குமே, அதுதான் மாத நாவல், பாக்கெட் நாவல். சாணிப் பேப்பர்ல அச்சடிச்சது. இங்கிலீஷ்ல இதையெல்லாம் 'பல்ப்'னு சொல்றதுக்குக் காரணமும் பேப்பர்தான். மரக்கூழ்ல செஞ்ச மட்டமான பேப்பர்.

80களும் 90களோட முதல் பாதியும் இதோட நல்ல காலம். குமுதம் குழுமத்திலேர்ந்து மாலைமதி, தினத்தந்தி குழுமத்திலேர்ந்து ராணி முத்து. ஜி.அசோகன்னு ஒரு பதிப்பாளர் பாக்கெட் நாவல், க்ரைம் நாவல், எ நாவல் டைம்னு வரிசையா நடத்தினார். எழுதினவங்க பேர் அட்டையில நடிகை படத்தை விடப் பெருசா இருக்கும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன், காதல் கதைன்னா ரமணிசந்திரன். ராஜேஷ்குமார் கோவைக்காரர், 1947ல பிறந்தவர், 1500 நாவலுக்கு மேல எழுதியிருக்கார்.

1500. இந்த எண்ணைக் கேட்டதும் ரெண்டு விதமான ஆளுங்க வருவாங்க. ஒருத்தர் வாயைப் பிளப்பார், இன்னொருத்தர் உதட்டைப் பிதுக்குவார். எனக்கு ரெண்டுமே சரியாப் படலை. இதை ஒரு பட்டறை மாதிரிப் பார்த்தாதான் புரியும்.

முதல்ல பேப்பர் கணக்கு. புத்தகத்தை ஒவ்வொரு பக்கமா அச்சடிக்க மாட்டாங்க. பெரிய தாள்ல பல பக்கங்களைச் சேர்த்து அடிச்சு, மடிச்சு, வெட்டுவாங்க. அப்படி ஒரு மடிப்புக்கு ஃபாரம்னு பேர். 16 பக்கம் ஒரு ஃபாரம்னா, ஆறு ஃபாரம் 96 பக்கம். கதை 97-ஆவது பக்கத்துக்குப் போச்சுன்னா அந்த ஒரு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்டணும். விலை முன்னாடியே அட்டையில நிக்குது, அதனால அந்தச் செலவு பதிப்பாளர் தலையில. கதை 91-ல முடிஞ்சா பரவாயில்லை, மிச்சப் பக்கத்துல வாசகர் கடிதம், கேள்வி-பதில், அடுத்த மாச நாவலுக்கு விளம்பரம். ஆக ஒரு கொலை நடக்கணும், போலீஸ் வரணும், தப்பான ஆளைச் சந்தேகப்படணும், சரியான ஆள் மாட்டணும். எல்லாம் ஆறு ஃபாரத்துக்குள்ள. கொலைகாரனுக்குத் தெரியாத கெடு அது, எழுதுறவருக்குத் தெரியும்.

அடுத்தது தேதிக் கணக்கு. மாத நாவலோட ஆயுசு முப்பது நாள். புது இதழ் வந்து க்ளிப்புல தொங்கின உடனே பழசு இறங்கிடும். விக்காதது ஏஜென்ட் வழியா திரும்பிப் போகும். நாவல் பிரமாதமா இருந்தாலும் அதேதான், சுமாரா இருந்தாலும் அதேதான். அதுக்கப்புறம் லெண்டிங் லைப்ரரி, பழைய பேப்பர் கடை. அங்க நடக்குற வியாபாரத்துல எழுதினவருக்கும் பதிப்பாளருக்கும் பைசா கிடையாது. ஒரே புத்தகம் பத்து வீட்டுக்குப் போய்ப் படிச்சுக் கிழிஞ்சு வரும், கணக்குல அது ஒரு பிரதிதான்.

இந்த ரெண்டு கணக்கும் சேர்ந்துதான் கதையோட உடம்பைத் தீர்மானிச்சுது. அத்தியாயம் அஞ்சு ஆறு பக்கத்துல ஏன் முடியுது? அடுத்த ஸ்டாப்பிங் வந்துடும். முதல் பக்கத்துலேயே ஏன் பிணம்? கடையில நின்னுக்கிட்டே முதல் பக்கத்தைப் புரட்டுறவரை வாங்க வைக்கணும். துப்பறியுறவங்க ஏன் எல்லா நாவல்லயும் அதே ஆளுங்க? ராஜேஷ்குமாருக்கு விவேக், ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத், சுசீலா. சுபாவுக்கு நரேந்திரன், வைஜெயந்தி. அதுக்கு முன்னாடியே சுஜாதாவுக்கு கணேஷ், வசந்த், தமிழ்வாணனுக்கு சங்கர்லால். ஒவ்வொரு தடவையும் ஆளை அறிமுகப்படுத்த பத்துப் பக்கம் செலவு பண்ண முடியாது. பேரைச் சொன்னா போதும், வாசகர் மிச்சத்தைத் தானே நிரப்பிக்குவார். கூடவே, வசந்த் இந்தத் தடவை என்ன ஜோக் அடிக்கப் போறான்னு ஒரு எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்புதான் அடுத்த மாச விற்பனை.

ராஜேஷ்குமார் கைப்பழக்கம் ஒண்ணு இருக்கு, எழுத ஆசைப்படுறவங்க கவனிச்சுப் பார்க்கணும். ரெண்டு தடம். சம்பந்தமே இல்லாத ரெண்டு கதையை மாத்தி மாத்தி ஓட்டுவார், கடைசியில முடிச்சுப் போடுவார். சும்மா சொன்னா புரியாது, நம்ம ஊரை வச்சே ஒண்ணு செஞ்சு பார்ப்போம்.

யோக நரசிம்மர் மலைக்கு 1305 படி. இப்ப ரோப் காரும் ஓடுது. முதல் அத்தியாயம்: கார்த்திகை ஞாயிறு, கூட்டம். கீழே ஒரு பெட்டியில நாலு பேர் ஏறுறாங்க, ஆபரேட்டர் எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துறார். மேலே கதவு திறக்குது. மூணு பேர் இறங்குறாங்க. அவ்வளவுதான், அத்தியாயம் முடிஞ்சுது. ரெண்டாவது அத்தியாயத்துல ரோப் காரைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி. வெளிநாட்டுக்குப் போய் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த பெட்டிகளைப் பிரிச்சு எண்ணுறாங்க. எல்லாப் பெட்டியிலயும் ஒரு ஜோடி. ஒரு பெட்டியில மட்டும் இடது கால் ஷூ ரெண்டு. மூணாவது அத்தியாயம் மறுபடியும் மலை.

இதுல தந்திரம் எங்க இருக்கு? ஒரே தடத்துல எழுதினா, ரோப் கார் மர்மத்தை வாசகர் விடாமத் துரத்துவார். நாலாவது அத்தியாயத்துலயே அவருக்கு ஏதாவது கொடுத்தாகணும். ரெண்டாவது தடம் இருந்தா, ஒரு பசியை அப்படியே வச்சுட்டு இன்னொரு பசியைக் கிளப்பலாம். அதுக்கு மேல, ரெண்டும் எங்கே சேரும்ங்கிறது மூணாவது மர்மம், அது இலவசம். ஆனா கடைசியில சேர்ந்தே ஆகணும். ரோப் கார்ல காணாமப் போனவருக்கும் அந்த ரெண்டு இடது கால் ஷூவுக்கும் சம்பந்தம் வலுவில்லைன்னா வாசகர் புத்தகத்தை வீசிட்டுப் போயிடுவார். அவசரத்துல எழுதின பல நாவல்கள் சறுக்குறது இங்கதான். கடைசி ஃபாரத்துல யாராவது ஒருத்தர் நின்னுக்கிட்டு நாலு பக்கத்துக்கு விளக்கம் சொல்லுவாங்க. ரெண்டு நாளா இந்த ரோப் கார் கதைக்கு முடிவு யோசிக்கிறேன், எனக்கே இன்னும் வரலை.

நம்ம பக்கத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் பழைய உறவு உண்டுங்கிறது பலருக்குத் தெரியாது. 1915ல ஆனந்தபோதினின்னு ஒரு மாத இதழ் சென்னையில தொடங்குச்சு. தொடங்கினவர் நாகவேடு முனிசாமி முதலியார். நாகவேடு நம்ம அரக்கோணம் பக்கத்து ஊர். ஆசிரியரா இருந்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். அப்போ ஆரணி, அரக்கோணம், சோளிங்கர் எல்லாமே வட ஆர்க்காடு ஜில்லா. குப்புசாமி முதலியார் ஏராளமா மர்ம நாவல் எழுதினார். பெரும்பாலும் தழுவல். லண்டன்ல பென்னிக்கு விக்கிற வாராந்தரத் தொடர்கள் எழுதின ரெய்னால்ட்ஸ்ங்கிறவரோட கதைகளைத் தமிழ் ஊருக்கும் தமிழ்ப் பேருக்கும் மாத்தினார். அவருக்கு முன்னாடி ஜே.ஆர்.ரங்கராஜு 1908லேயே ராஜாம்பாள்னு ஒரு நாவல் எழுதி, துப்பறியும் கோவிந்தனைக் கொண்டுவந்துட்டார். கொஞ்சம் பின்னாடி வடுவூர் துரைசாமி ஐயங்கார். அவரோட திகம்பர சாமியார் 1950ல நம்பியார் நடிச்சுப் படமாவே வந்துச்சு.

வடுவூரார்கிட்ட ஒரு விஷயத்தை மட்டும் பிடிச்சு வச்சுக்கோங்க. தன்னோட நாவல்களை வெளியிடறதுக்காகவே சொந்தமா ஒரு மாத இதழ் நடத்தினார். எழுதினது யார் கையில இருக்குங்கிற கேள்வி அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சிருந்துச்சு.

பாக்கெட் நாவல் காலத்துப் பொது வழக்கம் வேற. கைப்பிரதியைக் கொடுத்தா ஒரு தொகை. அதோட சரி. நம்ம பக்கத்துல இதைப் புரிஞ்சுக்க பொருளாதாரம் படிச்சிருக்க வேண்டியதில்லை. ஆம்பூர்ல வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ஷூவோட மேல்பாகத்தைத் தைக்குறாங்களே, அப்பர், அதுக்குக் கூலி ஜோடிக்கு இவ்வளவு. அந்த ஷூ ஐரோப்பாவுல எந்தக் கடையில என்ன விலைக்குப் போனாலும் தைச்ச அக்காவுக்கு ஜோடிக் கூலிதான். நாவலும் அந்த மாதிரி பீஸ் ரேட். ஒரே ஒரு வித்தியாசம், ஷூவுல தைச்சவங்க பேர் இருக்காது, நாவல்ல இருக்கும். அந்தப் பேர்தான் எழுத்தாளரோட முதல். அது வளர வளர அடுத்த கைப்பிரதிக்கு விலை பேச முடிஞ்சுது.

ஆனா பீஸ் ரேட்ல ஒரு கொடுமை, கை நின்னா வருமானம் நிக்கும். 1500 நாவலுக்குப் பின்னாடி ஒழுக்கம் இருக்கு, கற்பனை இருக்கு, இந்தக் கணக்கும் இருக்கு.

அப்புறம் சரிவு. சீரியல் வந்துச்சு, பஸ்ல கையில போன் வந்துச்சு, பேப்பர் விலை ஏறுச்சு. எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எழுதினவங்க சும்மா இருக்கலை, வண்டி மாறினாங்க. இந்திரா சௌந்தர்ராஜன் டிவிக்குப் போய் மர்மதேசம் பண்ணார், 90கள்ல பிறந்த பிள்ளைங்க பாதிப் பேருக்கு அதுதான் முதல் பயம். சுபா சினிமாவுக்குப் போனாங்க; அயன், கோ எல்லாம் அவங்க கை பட்டது. 2008ல ப்ளாஃப்ட்னு ஒரு சென்னைப் பதிப்பகம் இந்தக் கதைகளை இங்கிலீஷ்ல தொகுத்துப் போட்டதும், அதுவரைக்கும் பெட்டிக்கடைப் பக்கம் திரும்பாதவங்க அலமாரிக்குள்ள இது போச்சு. பழைய நாவல்கள் இப்ப மின்னூலா திரும்பி வந்துட்டு இருக்கு. 1985ல எழுதினது 2025ல காசு கொண்டுவருது. யாருக்குன்னு கேட்டா, உரிமை யார்கிட்ட இருக்கோ அவங்களுக்கு.

இப்ப எழுதுறவங்களுக்கு க்ளிப்பும் கயிறும் போன்தான். 2014ல பெங்களூருல தொடங்கின பிரதிலிபி இருக்கு, 2016 கடைசியிலேர்ந்து தமிழை ஏத்துக்கிட்ட கிண்டில் இருக்கு. கிண்டில் அன்லிமிடெட்ல எத்தனை பக்கம் படிச்சாங்களோ அத்தனைக்குத்தான் காசு. தொடர் ஆப்கள்ல அடுத்த அத்தியாயத்தைத் திறக்கக் காசு. இது கதையை என்ன பண்ணுதுன்னு பாருங்க. பழைய ஆளுக்கு 96-ஆம் பக்கத்துல சுவர். முடிச்சே ஆகணும். புது ஆளுக்குச் சுவரே இல்லை, முடிச்சா நஷ்டம். அதனால 40 அத்தியாயத்துல முடிய வேண்டிய கதை 400 போகுது. செத்தவன் திரும்பி வர்றான், அவனுக்கு ஒரு தம்பி முளைக்கிறான். எனக்கு 96 பக்கக்காரங்க மேலதான் மரியாதை. குறைஞ்சபட்சம் கொலைகாரன் யாருன்னு சொல்லிட்டுப் போனாங்க.

சரி, அந்த மூணு பக்க ஒப்பந்தம். நான் வக்கீல் இல்லை. ஆனா பதிப்புரிமைச் சட்டம், 1957, படிக்க முடியாத அளவுக்குக் கஷ்டமானது ஒண்ணும் இல்லை.

நீங்க சம்பளத்துக்கு வேலை பார்க்குற இடத்துக்காக எழுதலைன்னா, எழுதின நிமிஷமே உரிமை உங்களுது. எங்கயும் பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்லை. நீங்க வாழற வரைக்கும், அதுக்கப்புறம் 60 வருஷம். அதை இன்னொருத்தருக்குக் கொடுக்கணும்னா எழுத்துல, உங்க கையெழுத்தோட இருக்கணும். எந்தக் கதை, என்னென்ன உரிமை, எத்தனை வருஷம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம், எல்லாம் இருக்கணும். பிரிவு 19. வருஷம் எழுதலைன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்கணும். இடம் எழுதலைன்னா இந்தியா மட்டும். ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லலைன்னா, வாங்கினவங்க ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தாத உரிமை திரும்பி வந்துடும்.

ஆக, சட்டம் உங்க பக்கம் சாஞ்சுதான் நிக்குது. அதைச் சாய்க்கத்தான் ஒப்பந்தத்துல நாலு வார்த்தை சேர்ப்பாங்க: 'நிரந்தரமாக', 'உலகம் முழுதும்', 'எல்லா ஊடகங்களிலும்', 'இனி வரப்போகும் ஊடகங்களிலும்'. அந்தக் கடைசி வார்த்தை சும்மா வரலை. 2012 திருத்தத்துல, ஒப்பந்தம் போடும்போது இல்லாத ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, அதைக் குறிப்பா எழுதியிருந்தா மட்டும் செல்லும்னு கொண்டுவந்தாங்க. அதே திருத்தத்துல ஒலிப்பதிவுல சேர்ற எழுத்துக்கு ராயல்டி பங்கை எழுதினவர் விட்டுக்கொடுக்கவே முடியாதுன்னும் ஒரு விதி இருக்கு. அது பாட்டு எழுதுறவங்களை மனசுல வச்சு வந்தது. ஆடியோ தொடருக்கு எப்படிப் பொருந்தும்னு ஒரு வக்கீல்கிட்ட காசு கொடுத்துக் கேளுங்க, அந்தச் செலவு வீண் போகாது.

இன்னொண்ணு, பலரும் கேட்கறது. "நான் விற்கலைன்னா என் ஐடியாவை எடுத்துட்டா?" ஐடியாவுக்கு உரிமை கிடையாது, எழுதின விதத்துக்குத்தான். 1978ல ஆர்.ஜி.ஆனந்த் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவா சொல்லிடுச்சு. ரோப் கார்ல நாலு பேர் ஏறி மூணு பேர் இறங்குறதை நீங்களும் எழுதலாம். எழுதி முடிவும் கண்டுபிடிச்சா எனக்கு அனுப்புங்க.

எனக்குத் தோணுற பதில் இதுதான், சோளிங்கர் நேயருக்கு. மொத்தத் தொகை வாங்குறது பாவம் இல்லை. வீட்டு வாடகை, இஎம்ஐ, தங்கச்சி ஃபீஸ், எதுக்கும் ராயல்டி வர்ற வரைக்கும் காத்திருக்கத் தெரியாது. ஆனா ஆடியோவை மட்டும் கொடுங்க, தமிழ்ல மட்டும், அஞ்சு வருஷத்துக்கு மட்டும். புத்தகம், மின்னூல், சினிமா, வெப் சீரிஸ், மொழிபெயர்ப்பு எல்லாத்தையும் கையில வச்சுக்கோங்க. அதைவிட முக்கியம், உங்க துப்பறியும் ஆளைக் கொடுத்துடாதீங்க. 'கதாபாத்திரங்களும் அவற்றின் தொடர்ச்சிகளும்'னு ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்க. அதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு உங்க இன்ஸ்பெக்டரை வச்சு நீங்களே கதை எழுத அவங்ககிட்ட அனுமதி கேட்கணும். விவேக்கை யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தா அடுத்த நாவலுக்கு ராஜேஷ்குமார் என்ன பண்ணியிருப்பார்னு யோசிச்சுப் பாருங்க.

இதையெல்லாம் போன வாரமே அவங்களுக்குப் பதிலா எழுதிட்டேன். நேத்து திரும்ப எழுதியிருந்தாங்க. அந்த வரி ரெண்டாம் பக்கத்துல, ஏழாவது பாயின்ட்டா இருந்துச்சாம். அடிச்சுட்டுத் திருப்பி அனுப்பியிருக்காங்க. கம்பெனிலேர்ந்து இன்னும் பதில் வரலை. நாற்பத்தோராவது அத்தியாயம் ஞாயித்துக்கிழமை போடணும், இன்ஸ்பெக்டர் இன்னும் பாணாவரம் ஸ்டேஷன்லயே நிக்கிறாராம்.